பதில்: "60 கூவேர்" உள்ள உணவகத்தைத் தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம். மொழிபெயர்க்கும் பிரெஞ்சுக் கதையில் "60 கூவேர் உள்ள உணவகம்" என்று வருகிறது, அகராதியோ "மூடப்பட்டது" என்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். "ஒரே நேரத்தில் 60 பேர் சாப்பிடக்கூடிய உணவகம்" என்று தயங்காமல் எழுதுங்கள்.

அகராதியும் சரிதான். மூடுதல் என்ற பொருள் உள்ள "கூவ்ரீர்" வினையிலிருந்து வந்த சொல் இது. பிரபுக்களின் பந்தியில் உணவை மூடியே கொண்டுவருவார்கள். நஞ்சு பயமும் ஒரு காரணம் என்பார்கள். அப்புறம் மேசையில் ஒருவருக்கென்று வைக்கும் தட்டு, குவளை, கத்தி, கரண்டி எல்லாம் சேர்ந்து கூவேர் ஆனது. ஆளுக்கு ஒரு கூவேர் என்பதால்தான் 60 கூவேர் என்றால் 60 பேர். வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி பலர் பார்க்க உண்ட இரவுச் சாப்பாட்டுக்கு "கிரான் கூவேர்" என்றே பெயர். இப்படி ஆள் கணக்காக இல்லாமல் பன்மையில் வந்தால் பெரும்பாலும் கத்தி, கரண்டி, முள்கரண்டி மட்டும்.

"லெ ஜீத் ஏ லெ கூவேர்" என்ற தொடர் வந்தால் மட்டும் கவனம். இன்று அதற்குத் தங்க இடமும் சாப்பாடும் என்று பொருள். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் எழுதிய எலிக் கதையில் "லெ வீவ்ர் ஏ லெ கூவேர்" என்று இருக்கும். அங்கே வீவ்ர்தான் உணவு, கூவேர் என்பது தலைக்கு மேல் கூரை! உங்கள் கதை பழையது என்றால் முன்பின் வரிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.