அடைப்புக்குறிக்குள் அம்மா

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தை மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். பால் சோதிக்கும் மெஷின் வருமுன் ஒரு சுற்று, வந்தபின் இரண்டு சுற்று, மொத்தம் 36 பேட்டிகள். (ஆடியோவைக் கேட்டு எழுதித் தந்தது அம்மா. பத்தாவதுதான் படித்தவர். "அப்போ 'நம்ம சங்கம்'னவங்க இப்போ 'சங்கத்துக்காரங்க'ங்கிறாங்களே" என்று சிரித்தார்.) எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கி 14 தலைப்புகளில் பிரித்துவிட்டேன். "இதில் மாற்றம் எங்கே?" என்கிறார் வழிகாட்டி. என்ன செய்வது?

பதில்: இதே புலம்பல் எனக்கு வருஷா வருஷம் வருகிறது. உங்கள் கடிதத்தில்தான் விடையும் கூடவே வந்திருக்கிறது, அடைப்புக்குறிக்குள்.

மாற்றத்தைக் கண்டுபிடித்தவர் உங்கள் அம்மா. பேட்டிகளை நடந்த வரிசையில் கேட்டார், காதில் விழுந்தது. நீங்கள் மூன்று வருஷத்தையும் 14 டப்பாக்களில் கொட்டிக் குலுக்கினீர்கள். டப்பாவுக்குள் முன்னும் பின்னும் ஏது? போதாததற்கு 'நம்ம சங்கம்', 'சங்கத்துக்காரங்க' இரண்டுமே மொழிபெயர்ப்பில் 'சொசைட்டி' ஆகியிருக்கும். இல்லையென்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அம்மா எழுதிய தமிழ்ப் பிரதிகளை எடுங்கள். ஆளுக்கு ஒரு வரிசை, சுற்றுக்கு ஒரு கட்டம், குறுக்காகப் படியுங்கள். பேச்சு திரும்பிய இடம் மெஷின் வந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. பால் அளக்கும் ஆள் மாறிய நாளாகவும் இருக்கலாம். ஸ்டீபன் பார்லி 1986இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருப்பீர்களே: மாசசூசெட்ஸில் இரண்டு ஆஸ்பத்திரிகள், ஒரே மாதிரி சிடி ஸ்கேனர். ஆனால் டாக்டர், டெக்னீஷியன் இருவரில் யார் சொல்லி யார் கேட்பது என்பது இரண்டு இடத்திலும் வேறு வேறு விதமாக மாறியது. தினசரிப் பேச்சைக் கூர்ந்து கேட்டதால்தான் அது அவருக்குப் பிடிபட்டது. மேலே சொன்ன மாதிரி காலத்தைக் கட்டங்களாகப் பிரிப்பதற்கு நிர்வாகவியல் ஆய்வாளர் ஆன் லாங்லி 1999இல் 'டெம்பரல் பிராக்கெட்டிங்' என்று பெயர் சொன்னார். காலத்தைத்தான் அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னார், அம்மாவை அல்ல.

மூன்றாம் சுற்றில் "எனக்கு அப்பவே தெரியும்" என்பவர்களை வைத்து முதல் வருஷத்தை எழுதிவிடாதீர்கள். அன்று பேசியதே கையில் இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் அம்மாவும் கேட்பார் என்று அந்தச் சங்கத்து ஆட்களிடம் சொன்னீர்களா? உங்களை நம்பித்தானே வாயைத் திறந்தார்கள்? சொல்லவில்லையென்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் அல்ல. வழிகாட்டியிடமும் மறைக்காதீர்கள்.

நன்றியுரையில் 'அன்னைக்கு' என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்கவும் கூடாது. பிரதி எழுதியவர் யார், முதலில் கவனித்தவர் யார் என்று ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதுங்கள். பத்தாவது என்பதில் உங்களுக்கு என்ன வெட்கம்? சங்கத்து ஆட்கள் சம்மதித்த பிறகு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேறு என்னவெல்லாம் காதில் விழுந்தது என்று கேளுங்கள். நோட்டோடு போங்கள்.