தவளையைத் திட்டும் பழமொழிகளில் நியாயம் உண்டா?

கேள்வி: கிணற்றுத் தவளை, தன் வாயால் கெடும் தவளை, மண்டூகம் என்று தமிழில் தவளை வந்தாலே திட்டுதானா? உண்மையில் தவளை அவ்வளவு மட்டமான பிராணியா?

பதில்: நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். படித்ததோடு சரி, பிழைப்பு மென்பொருளில். குடியிருப்பது மடிப்பாக்கத்தில். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் தூங்க முயன்ற எவருக்கும் தவளையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாமல் இருக்காது. எனக்கும் இருக்கிறது.

திட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் தவளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறார்கள்.

'நுணலும் தன் வாயால் கெடும்' என்பதில் நாம் பாதியைத்தான் சொல்கிறோம். பழமொழி நானூற்றில் அது 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்' என்று வருகிறது. அந்த 'மணலுள் முழுகி' எவ்வளவு துல்லியம் என்பது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மதில் சுவரை உயர்த்திக் கட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. கொத்தனார் மணல் சலித்துக்கொண்டிருந்தார். சல்லடையில் கொழுக்கட்டை போல ஒன்று வந்து விழுந்தது. உருண்டை உடம்பு, மண் நிறம், குட்டைக் கால்கள். எடுத்து ஈர மணல்மேல் விட்டேன். தாவி ஓடும் என்று பார்த்தால் உட்கார்ந்த இடத்திலேயே பின்னங்கால்களை மாற்றி மாற்றி அசைத்தது. பின்பக்கம் முதலில் இறங்கியது, பிறகு வயிறு, பிறகு தோள். கடைசியில் இரண்டு கண்கள் மட்டும் மணல்மேல் மிளகு போல நின்றன. அதுவும் மூடிக்கொண்டது. இந்த வகைத் தவளைக்குப் பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு கெட்டியான மேடு உண்டு. அதைக் கொண்டு பின்வாக்கில் தோண்டிக்கொண்டே இறங்கிவிடும்.

"மழை வரட்டும் சார், எங்கே இருக்கிறது என்று அதுவே கத்திச் சொல்லிவிடும்" என்றார் கொத்தனார். அவர் பழமொழி நானூறு படித்தவர் இல்லை.

மழை வந்த அன்று இரவு டார்ச் எடுத்துக்கொண்டு பக்கத்துக் காலிமனைக்குப் போனேன். தேங்கிய நீரின் ஓரத்தில் அதே வகைத் தவளை ஒன்று. தொண்டைக்குக் கீழே பலூன் போல ஒரு பை உப்புகிறது, சுருங்குகிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு முழுவதும் அதிர்கிறது. வாய் மட்டும் இறுக மூடியிருக்கிறது! நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் இடையே காற்றைத் திருப்பித் திருப்பித் தள்ளித்தான் தவளை கத்துகிறது. அந்த ஒரு விஷயத்தில் பழமொழி சற்றே தவறியது. தவளை வாயை மூடிக்கொண்டே தன் வாயால் கெடுகிறது.

கெடுவது உண்மை. பனாமாக் காட்டில் தவளை தின்னும் வௌவால் ஒன்று இருக்கிறது. ஆண் தவளையின் குரலைக் கேட்டே அது இரையைக் கண்டுபிடிக்கிறது என்று மெர்லின் டட்டில், மைக்கேல் ரயான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1981-இல் எழுதினார்கள். பழமொழி நானூற்றைப் பாடிய நம் முன்றுறை அரையனார் அதை வெண்பாவிலேயே முடித்துவிட்டார். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பெண் தவளை வருவதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான். சும்மா கிடந்தால் உயிர் பிழைக்கலாம், பிள்ளைகுட்டி கிடையாது.

எல்லாமே திட்டு என்றும் சொல்லிவிட முடியாது. குறுந்தொகை 193-ஆம் பாடலில் அரிசில் கிழார், சுனையிலிருந்து தேரைகள் ஒலிப்பதைத் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் தட்டைப் பறைக்கு ஒப்பிடுகிறார். தோழியிடம் தலைவி தன் கணவனின் நாட்டைப் பெருமையாகச் சொல்லும் இடம் அது. தேரைச் சத்தம் ஊருக்கு அழகு என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். என் மனைவியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

நான் படித்த உவமைகளில் என்னை உலுக்கியது சென்னையைச் சேர்ந்தது. திருவொற்றியூரில் பாடிய தேவாரத்தில் அப்பர் 'பாம்பின் வாய்த் தேரை போலப் பலபல நினைக்கின்றேனை' என்கிறார். பாம்பு தவளையை விழுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடித்துக் குதறுவது இல்லை. பின்னங்கால் உள்ளே போயிருக்கும், தலை வெளியே இருக்கும், தவளைக்கு உயிரும் இருக்கும். பாம்புக்கு ஓர் அவசரமும் இருக்காது. அந்த இடைவெளியில் தேரை என்னென்ன நினைக்கும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார், அதைத் தன் நிலை என்றும் சொல்லியிருக்கிறார். இதில் கேலி எங்கே இருக்கிறது?

விவேக சிந்தாமணி மட்டும் தவளைக்கு அநியாயம் செய்துவிட்டது. தாமரையோடு கூடப் பிறந்தும் அதன் தேனை அறியாத மண்டூகம், எங்கோ காட்டிலிருந்து வந்து தேன் குடிக்கும் வண்டு என்று அறிவிலிக்கும் அறிஞனுக்கும் உவமை சொல்கிறது. தவளைக்குத் தேன் எதற்கு? தேன் குடிக்க வரும் வண்டு போதுமே! (இதற்கு நடுவே, நங்கநல்லூரில் ஒரு சிற்றுண்டிக் கடைப் பலகையில் 'தவளை அடை' என்று எழுதியிருந்தார்கள். தவலை என்னும் பாத்திரத்தில் வேகும் அடை அது. இந்தப் பழியும் தவளை தலையில்.)

தவளையைப் பார்க்காமலே சொன்ன கதை எது என்றால், அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் வருகிறதே, அதுதான். கொதிநீரில் போட்டால் தவளை குதித்துவிடும், பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் தெரியாமலே வெந்து சாகும் என்பார்கள். எங்களுக்கும் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். 1869-இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஃப்ரீட்ரிஷ் கோல்ட்ஸ் இதைச் செய்தே பார்த்துவிட்டார். அசையாமல் கிடந்தது மூளை அகற்றப்பட்ட தவளை. முழுத் தவளை சூடு ஏற ஏறத் தப்பிக்கத் துடித்தது. நான் கையைத் தூக்கி இதைச் சொன்னேன். கூடத்தில் ஒரு நிமிடம் அமைதி. அடுத்த பயிற்சிக்கு என் பெயர் பட்டியலில் இல்லை.

கிணற்றுத் தவளைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் குளம் குட்டை கிணறுகளில் மிதக்கும் பச்சைத் தவளையைத்தான் கல்லூரியில் அறுத்தோம். ராணா ஹெக்ஸாடாக்டைலா என்ற பெயர் இன்னும் மறக்கவில்லை. தவளை பூச்சி தின்னி என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். வளர்ந்த பச்சைத் தவளை இலை தழைகளையும் ஏராளமாகத் தின்கிறது என்று விலங்கியல் ஆய்வாளர் இந்திரநீல் தாஸ் 1996-இல் கட்டுரை வெளியிட்டார். வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் நாங்கள். உள்ளே கிடந்த பச்சையைப் பாசி என்று எண்ணித் துடைத்துப் போட்டோம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய உறைகிணறு உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடித் தண்ணீரை அதில் இறக்கினோம். இப்போது அதில் ஒரு பச்சைத் தவளை இருக்கிறது. எப்படி வந்தது என்று தெரியாது. பாவம், ஏற வழியில்லாமல் கிடக்கிறது என்று அம்மா போன மாதம் ஒரு நீளமான தென்னை மட்டையை உள்ளே சாய்த்து வைத்தார். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தோம். மட்டையின் அடிப்பகுதியில், தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே, வசதியாக ஏறி உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அங்கே உட்கார்ந்துதான் கத்துகிறது.