வாசகர் கேள்வி-பதில்: என் குதிரை அவர் ஏறினால் மட்டும் ஏன் அழகாகப் போகிறது?

கேள்வி: கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். லாய வாடகை, லாடம், மருத்துவச் செலவு எல்லாம் என்னுடையது. செவ்வாய் முதல் வெள்ளிவரை காலை ஏழு மணிக்குப் பயிற்றுநரின் மாணவி ஒருத்தி ஏறுகிறாள். பதினாறு வயதுப் பெண். அவளிடம் குதிரை கழுத்தைத் தளர்த்திக்கொண்டு அமைதியாகப் போகிறது. ஞாயிறு பத்து மணிக்கு மேல் நான் ஏறினால் தலையைத் தூக்குகிறது, இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வேலிக்கு வெளியே நின்று அவளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?
– ஈசூன் வாசகர்

பதில்: இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் கணக்கைச் சரிபாருங்கள். அவளுக்குக் கிடைப்பது தினமும் வேலை செய்கிற குதிரை, அதுவும் காலைக் குளிர்ச்சியில். உங்களுக்குக் கிடைப்பது சனிக்கிழமை முழுக்க லாயத்தில் நின்ற குதிரை, அதுவும் வெயில் ஏறிய பிறகு. சனிக்கிழமையும் வழக்கமான தானியத் தீவனம் குறையாமல் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அது துள்ளத்தான் செய்யும். நாள், நேரம், தீவனம், சேணம், கடிவாள இரும்பு ஐந்தும் ஒன்றாக இருக்கும்போதுதான் இரண்டு சவாரிகளை ஒப்பிட முடியும். அவள் தன் சொந்தச் சேணத்தைப் போடுகிறாளா என்று கேட்டுப் பாருங்கள். பல லாயங்களில் இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

மீதிப் பாதி உங்கள் உடம்பில் இருக்கிறது. பந்தயக் குதிரைக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது என்ன? ஜாக்கி லகானைக் குறுக்கிப் பிடிப்பார், உடம்பை முன்னால் சாய்ப்பார், முழங்காலால் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து எழுந்து நிற்பார். குதிரை வாயை அந்த லகானில் சாய்த்துக்கொண்டு வேகம் எடுக்கும். அதற்குத் தெரிந்த மொழியில் இறுகிய லகான் என்றால் ‘போ’. இப்போது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்வதைப் பாருங்கள். குதிரை கொஞ்சம் வேகமெடுத்ததும் பயம் வருகிறது. பயம் வந்ததும் லகானை இழுக்கிறீர்கள், முழங்காலை இறுக்குகிறீர்கள், தோள் தானாக முன்னால் குனிகிறது. ஜாக்கி செய்த மூன்றையும் அப்படியே செய்துவிட்டு நிற்கச் சொன்னால் அது எப்படி நிற்கும்? குதிரை கீழ்ப்படிய மறுக்கவில்லை. கற்றுக்கொடுத்த பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிறது.

அந்தப் பெண் நேர்மாறாகச் செய்கிறாள். வேகம் கூடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பின் அசைவைக் குறைத்து, ஒரு விநாடி கையை மூடிவிட்டு உடனே விடுகிறாள். அந்த ‘விடுகிறாள்’தான் வித்தை. அழுத்தம் நீங்குகிற கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் குதிரை சரியான விடையாக எடுத்துக்கொள்ளும். அது வேகத்தைக் குறைத்த பிறகும் நீங்கள் மூன்று விநாடி இழுத்துக்கொண்டிருந்தால், குறைத்ததற்குக் கிடைத்தது தண்டனை என்றுதான் அதன் கணக்கு.

கை விஷயத்தில் இன்னொன்று. நடையிலும் கேண்டரிலும் (நிதானமான பாய்ச்சல்) குதிரையின் தலை முன்னும் பின்னும் அசையும், டிராட்டில் (இரண்டுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) அநேகமாக அசையாது. ஆகவே நடையில் உங்கள் முழங்கை திறந்து மூடி அந்த அசைவோடு போகவேண்டும், டிராட்டில் கை அசையாமல் நிற்கவேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நடையில் கை கல்லாக நிற்கும், ஒவ்வோர் அடிக்கும் வாய் இரும்பில் இடிபடும். டிராட்டில் உடம்போடு சேர்ந்து கையும் குதிக்கும். தலையைத் தூக்கிக் கொடுமைக்குத் தப்பிப்பதைத் தவிரக் குதிரைக்கு வேறு வழியில்லை.

செய்யவேண்டியது இது. பயிற்றுநரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாளாவது ஒரே வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் இருபது நிமிடம் அந்தப் பெண் ஏறட்டும். அவள் இறங்கியதும் அதே சேணத்தில் நீங்கள் ஏறிப் பதினைந்து நிமிடம். குதிரை சூடேறி, தளர்ந்து, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்த நிலையில் உங்கள் கைக்கு வரும். நல்ல நடை உடம்புக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. அவள் இறங்கும்போது ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது அங்கிள்’ என்றுதான் பதில் வரும். லகானில் எவ்வளவு கனம் பிடித்தாய், வலப்பக்க வட்டத்தில் எந்தக் காலால் குறிப்புக் கொடுத்தாய், எந்த இடத்தில் விட்டாய் என்று கேளுங்கள். 2024-இல் மூடப்பட்ட கிராஞ்சி ஓடுபாதை இடப்பக்கம் திரும்புவதாக இருந்தது. அங்கே ஓடி வளர்ந்த குதிரைக்கு வலது வட்டம் விறைப்பாக இருந்தால் வியப்பில்லை. அதை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்பது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

உங்கள் பதினைந்து நிமிடத்தில் கேண்டர் வேண்டாம். குதிரையின் கழுத்தில் ஒரு பழைய வாரைக் கட்டிக்கொள்ளுங்கள். பயம் வந்தால் லகானுக்குப் பதில் அதைப் பிடிக்கலாம். இருபது மீட்டர் வட்டத்தில் நடை, நிறுத்தம், நடை என்று பத்து முறை. நிறுத்த வேண்டுமானால் மூச்சை வெளியே விட்டு, இடுப்பை நிறுத்தி, கடைசியாகத்தான் கை. மூன்று காலடிக்குள் நின்றால் அடுத்து டிராட்டிலிருந்து நடைக்கு. அதுவும் மூன்று காலடிக்குள் வருகிறவரை மேலே போகவேண்டாம். ஐந்தடி, ஆறடி ஆகிறதென்றால் இழுக்கும் பலத்தைக் கூட்டாதீர்கள். இடுப்பு நின்றதா என்று பாருங்கள், அநேகமாக நின்றிருக்காது.

பின்னாலிருந்து யாரையாவது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். சேணத்தின் நடுப்பகுதி குதிரையின் முதுகெலும்புக்கு நேராக இருக்கிறதா? எப்போதும் இடப்பக்கமே ஏறுவதால் இடது அங்கவடியின் தோல்வார் இழுபட்டு நீளும். ஓட்டை எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தும் கால் ஏற்ற இறக்கமாகத் தொங்கும். வார்களை அவ்வப்போது இடவலம் மாற்றிப் போடுங்கள், ஏறுவதற்கு எப்போதும் படிமேடையைப் பயன்படுத்துங்கள். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைக்குப் படிமேடையருகில் நிற்கும் பழக்கம் இருக்காது. பந்தயத்தில் ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கித்தான் ஏற்றிவிடுவார்கள், பெரும்பாலும் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. நிற்கக் கற்றுக்கொடுப்பதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத் தெரிந்தவர்கள் பலர் இந்தச் சலிப்பான வேலைக்கு வருவதில்லை.

பொறாமையைப் பற்றிக் கேட்டீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், குதிரையை இசைவாக நடத்திக் காட்டும் டிரெசாஜ் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற வலேக்ரோ என்ற குதிரையை வாங்கி வளர்த்தவர்களில் ஒருவர் கார்ல் ஹெஸ்டர். அவரே ஒலிம்பிக் வீரர். அந்தக் குதிரையில் ஏறியவர் அவரிடம் வேலைக்கு வந்து பயின்ற ஷார்லட் டுஜார்டின். அதே போட்டியில் ஹெஸ்டர் வேறொரு குதிரையில் களமிறங்கினார். இருவரும் இடம்பெற்ற குழு தங்கம் வாங்கியது, தனிநபர் தங்கம் மாணவிக்குப் போனது. உரிமையாளர் வேறு, ஏறுபவர் வேறு என்பது இந்த விளையாட்டின் மேல்தட்டில் அன்றாட நடப்பு. அங்கே யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அழகாகத் தெரிவதெல்லாம் நல்ல சவாரி அல்ல. அதே டுஜார்டின் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக நேர்ந்தது. பயிற்சி வகுப்பொன்றில் குதிரையின் காலில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளியானது, ஓராண்டுத் தடையும் வந்தது. உங்கள் குதிரையில் யார் ஏறினாலும் சிலவற்றைப் பாருங்கள். மூக்கு செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால், நெஞ்சை நோக்கி மடிந்து கிடக்கிறதா? வால் ஓயாமல் சுழல்கிறதா? மூக்கெலும்புக்கும் மூக்குவாருக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா? கழுத்து வளைந்திருந்தாலும் முதுகு அசையாமல் மரப்பலகைபோல் இருந்தால் அது அமைதி அல்ல, அடக்கப்பட்டது. நீண்ட லகானை விட்டதும் கழுத்தைக் கீழே, முன்னே நீட்டினால் அந்தப் பெண் நன்றாகத்தான் செய்கிறாள், நிம்மதியாக இருங்கள்.

சவாரிக்குப் பிந்திய சோதனை உரிமையாளரின் வேலை. ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை. நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் காயாது, அதனால் உடம்பு மெதுவாகத்தான் ஆறும். வேலை முடிந்து கால் மணி நேரத்துக்குப் பிறகும் துடிப்பு 60-க்கு மேலேயே நின்றால் வேலை அதிகம் அல்லது குளிர்விப்பு போதவில்லை. குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை, அதற்கு ஆதாரம் இல்லை. மூக்கு விரிந்து மூச்சு வாங்குகிறது, ஆனால் தோல் காய்ந்திருக்கிறது என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். வெப்பமான ஈர நாடுகளில் குதிரைகளுக்கு வியர்வை நின்றுபோகும் நோய் உண்டு. அப்படிப்பட்ட குதிரை ‘இன்று சோம்பல்’ என்று தவறாகப் படிக்கப்படும். நீங்கள் வெயிலில் ஏறும்போது மட்டும் அது முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: என் மகள் ஒருவருடைய குதிரையில் செலவைப் பங்கிட்டு வாரம் இரண்டு நாள் ஏறுகிறாள். போன போட்டியில் அவளுக்குப் பரிசு ரிப்பன் கிடைத்ததிலிருந்து அந்த அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘உன் மகள் என் குதிரையின் வாயைக் கெடுக்கிறாள்’ என்று லாயத்தில் சொல்கிறாராம். நாங்கள் என்ன தவறு செய்தோம்?
– பொங்கோல் வாசகி

பதில்: தவறு இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் லாயத்தில் யாரோ அவரிடம் ‘இந்தப் பிள்ளை வந்த பிறகுதான் உங்கள் குதிரை குதிரையாச்சு’ என்று சொல்லியிருப்பார்கள். பாராட்டு என்று நினைத்து நீங்களே சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வருடக்கணக்காகத் தீனி போட்டு, காயம் கட்டி, இரவில் அதற்கு வயிற்றுவலி வந்தபோது அதை நடத்திக்கொண்டு கூடவே நடந்தவர் காதில் அது எப்படி விழும்?

வாயைக் கெடுக்கிறாள் என்ற குற்றச்சாட்டை மட்டும் பொறாமை என்று ஒதுக்காதீர்கள். அது சோதிக்கக்கூடியது. பயிற்றுநரையும் அந்த அம்மாவையும் வைத்துக்கொண்டு உதட்டு ஓரத்தில் புண், நாக்கில் வெட்டு, தாடைப் பகுதியில் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் கூரான பல்லை அராவிச் சீராக்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதுவும் காரணமாக இருக்கும். பழி பல்மேல் போனால் எல்லாருக்கும் நல்லது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிச் சேண அறையில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு சவாரிக்கும் மூன்று வரி போதும்: எத்தனை நிமிடம், என்ன வேலை, உடம்பில் என்ன மாற்றம். இடது முன்னங்காலில் சூடு தெரிந்ததை உங்கள் மகள் எழுதிவைத்தால், அந்த அம்மாவுக்கு அதன் மதிப்பு எந்த ரிப்பனுக்கும் மேல். கடிவாள இரும்பை மாற்றுவது, ஒத்துக்கொண்டதற்கு மேல் உயரம் தாண்டுவது, கேட்காமல் இணையத்தில் காணொளி போடுவது மூன்றும் கூடாது. போட்டால் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் உரிமையாளரின் பெயரும் வரவேண்டும்.

வாய்ப்பேச்சிலேயே இதுவரை ஓட்டியிருந்தால் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்த நாள், யார் யார் ஏறலாம், ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வரும் லாடச் செலவில் யாருக்கு எவ்வளவு, குதிரை நொண்டினால் அந்த மாதக் கட்டணம் உண்டா, போட்டிக்கு யார் கொண்டுபோவது, நிறுத்திக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு. மனக்கசப்பில் பெரும்பகுதி இந்தக் கடைசி இரண்டில்தான் பிறக்கிறது.

கேள்வி: லாயத்துக்குள் நுழைந்ததும் என் குதிரை என்னைவிட்டு, அதில் ஏறுகிற இன்னொருவரிடம் போகிறது. அவரைத்தான் பிடித்திருக்கிறதா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அவர் பையில் கேரட் இருக்கிறதா என்று பாருங்கள். சவாரித் திறமையை வைத்துக் குதிரை ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. யார் வந்தால் வயிறு நிறைகிறது, யார் வந்தால் வேலை வருகிறது என்று கணக்கு வைத்திருக்கும். பெரும்பாலான லாயங்களில் முதலிடம் தீனி போடும் குதிரைக்காரருக்குத்தான், அதில் நியாயமும் உண்டு. உறவு வேண்டுமானால் வாரம் ஒரு நாள் சேணமில்லாமல் போங்கள். கழுத்து முதுகோடு சேருகிற இடத்தில், பிடரி முடியும் மேட்டில், விரல்நுனியால் அழுத்திச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே குறையும். மேலுதடு நீண்டு துடித்தால் சரியான இடம்.

கேள்வி: ஒரு வருடமாக வகுப்புக்குப் போகிறேன். என் நான்கு வயதுக் குதிரை பயிற்றுநருக்கு மட்டும்தான் அடங்குகிறது. விற்றுவிடலாமா?
– ஜூரோங் வாசகர்

பதில்: உங்கள் எடை, சேணம் இரண்டும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா? 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. வெயிலில் அதற்கும் கீழே இருப்பது நல்லது. தாண்டினால் மற்ற யோசனைக்கே இடமில்லை, அந்தக் குதிரை உங்களுக்கானதல்ல.

தாண்டவில்லை என்றால், நான்கு வயதுக் குதிரையும் புதிதாகக் கற்பவரும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் சிக்கல். இருவரில் ஒருவருக்காவது பாடம் தெரிந்திருக்கவேண்டும். ஆறு மாதம் பயிற்றுநரே குதிரையில் ஏறட்டும். அதே ஆறு மாதம் நீங்கள் பதினைந்து வயது தாண்டிய, அனுபவமுள்ள பள்ளிக் குதிரையில் வாரம் இரண்டு வகுப்பு எடுங்கள். அதில் ஒன்று நீள்கயிற்று வகுப்பாக இருக்கட்டும். லகானும் அங்கவடியும் இல்லாமல், பயிற்றுநர் நடுவில் நின்று குதிரையை வட்டமடிக்க வைப்பார், நீங்கள் உட்காரக் கற்பீர்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சிறு வட்டம் மூட்டுக்குச் சுமை. ஆறு மாதம் கழித்து உங்கள் குதிரையில் ஏறும்போது இன்னும் முதல்நாள் இரவே தூக்கம் கெடுகிறது என்றால் விற்றுவிடுங்கள். விற்கும்போது அதன் உடல்நலப் பதிவுகளோடு பயிற்றுநர் ஏறிய காணொளியையும், நீங்கள் ஏறிய காணொளியையும் சேர்த்தே காட்டுங்கள். வாங்குபவர் உங்களைப் போன்றவரா, பயிற்றுநரைப் போன்றவரா என்பது அவருக்குத்தான் தெரியும்.