டேகேரில் ஓர் ஆண் ஊழியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு இரண்டரை வயது. அவள் போகும் டேகேரில் ஓர் இளைஞர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். குழந்தைகள் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அவர் டயப்பர் மாற்றக் கூடாது, தூங்கவைக்கக் கூடாது என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்க, நிர்வாகமும் ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. எதிர்த்துப் பேசவும் பயம். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன். குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். ஆனாலும் அந்த விதி உங்கள் மகளைக் காப்பாற்றாது என்பதே என் எண்ணம்.

2009இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு காப்பகத்துக் குழந்தைகளிடம் அத்துமீறி, அதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியவர் ஒரு பெண் ஊழியர். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த வழக்கில் குற்றவாளி ஆண். ஊரே கொதித்தது. ஆனாலும் நெதர்லாந்து ஆண்களுக்குத் தடை போடவில்லை. குழந்தைகளோடு இருக்கும் ஊழியர் யாராக இருந்தாலும், இன்னொரு பெரியவர் அவரை எந்நேரமும் பார்க்கவோ கேட்கவோ முடிய வேண்டும் என்று 2013இல் விதி கொண்டுவந்தது. 'நான்கு கண்' விதி என்பார்கள். எனக்குச் சரியாகப் படுவது இதுதான்.

உங்கள் டேகேரில் நடந்திருப்பது நேரெதிர். அந்த இளைஞர் டயப்பர் மாற்றுவதில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது. டயப்பர் மாற்றும் அறைக் கதவு மூடியிருக்கிறதா, உள்ளே கைப்பேசி போகிறதா என்று யாராவது கேட்டார்களா? அவர் நிலையையும் யோசியுங்கள். அழுதுகொண்டு ஓடிவரும் குழந்தையைத் தூக்கலாமா என்று தயங்குகிறவரால் அந்த வேலையை எப்படிச் செய்ய முடியும்? நார்வே 1990களில் இந்தத் துறையில் ஆண்களை 20 சதவீதமாக்க இலக்கு வைத்தது. இன்றும் அதில் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது. சந்தேகப் பார்வையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

குழுவில் அவருக்காக வாதாட வேண்டாம், அது சண்டையில்தான் முடியும். விதி எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். யாரும் பூட்டிய அறையில் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. பழைய வேலையிடத்தில் எல்லோரைப் பற்றியும் விசாரித்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஊழியர்கள் யாரிடம் சொல்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், தன் உடலுறுப்புகளின் பெயர்களை மகளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். இரண்டரை வயது அதற்குச் சீக்கிரமில்லை.