மன்னார்குடியில் சொந்த வீடு, மாதம் 1,200 கி.மீ. ஓட்டம்: மின்சாரக் கார் வாங்கலாமா, பெட்ரோல் கார் வாங்கலாமா?

தஞ்சாவூர், திருவாரூர், கும்பகோணம் என்று டெல்டாவுக்குள்ளேயே சுற்றுபவருக்கு மின்சாரக் கார்தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் மின்சாரக் காரை வைத்து ஓட்டுபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் செலவு. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு மாதம் 80 லிட்டர் தேவைப்படும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 8,000 ரூபாய். மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 185 யூனிட் போதும். ஆனால் இரண்டு மாதக் கணக்கில் வீட்டுப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும் என்பதால், கூடுதல் யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் விழும். அப்படியும் மாதம் 1,700 ரூபாய் அளவில் முடிந்துவிடும். வயல் மோட்டாருக்கான இலவச மின்சாரத்தில் காரைச் சார்ஜ் செய்ய யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது விவசாயத்திற்கென்று கொடுக்கப்பட்டது.

பேட்டரியைப் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. டாடாவின் நெக்ஸான் போன்ற மின்சாரக் கார்களில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வெப்பத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். நெக்ஸானில் அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டியுடன் விற்றார்கள். கோடையில் நெடுந்தூரம் ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாமல் சற்று ஆறவிடுவதும், வேகச் சார்ஜரை வெளியூர்ப் பயணத்திற்கு மட்டும் வைத்துக்கொள்வதும் நல்லது.

டெல்டாவில் உண்மையான சிக்கல் வீட்டு எர்த்திங்தான், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. எர்த்திங் சரியில்லையென்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மின்சாரத்தை ஏற்காது. கார் கெட்டுவிட்டதென்று பலர் பதறுவது இதனால்தான். மேட்டூர்த் தண்ணீர் வராத மாதங்களில் மண் காய்ந்து எர்த் குழியின் மின்தடை கூடிவிடுவதால், எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. மாலையில் மின்னழுத்தம் குறையும் தெருக்களில் இரவு பதினொரு மணிக்கு மேல் சார்ஜ் போடுவதே உத்தமம்.

என்ஜின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லாததால் பழுதாகும் இடங்கள் குறைவு. ஆனால் பழுதானால் உள்ளூர் மெக்கானிக் கை வைக்க முடியாது. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் பானெட்டுக்குள் குடியேறும். பெட்ரோல் காரில் கடிபட்ட ஒயரை ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கேபிளை முழுதாக மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, வேறொரு வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததையும் மறக்க முடியாது. வீட்டில் அவசரத்திற்கு வேறு வண்டியே இல்லை, வயதான பெற்றோரும் இருக்கிறார்கள் என்றால், பெட்ரோல் காரை வாங்குவதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். மற்றபடி, முன்பணம் கட்டுவதற்கு முன் எலக்ட்ரீசியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் வருகிறது என்று மாலை ஏழு மணிக்கு அளந்து பாருங்கள். ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புது எர்த் குழி போட்ட பிறகு காரைப் பதிவு செய்யுங்கள்.