கல்வி கேள்வி – பதில்: கணக்குக்காக ஒரு வருடம் நிற்கலாமா?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில்தான் படித்தான். பிளஸ் டூவில் இயற்பியல் 62, வேதியியல் 66, கணக்கில் மட்டும் 28 எடுத்து ஃபெயில். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறான். துணைத் தேர்வில் தத்தித் தத்திப் பாஸ் ஆனால் அந்தக் குறைந்த மார்க்கே நின்றுவிடும், ஒரு வருடம் டியூஷன் வைத்து அடுத்த மார்ச்சில் நல்ல மார்க் எடுக்கட்டும் என்கிறார் என் அண்ணன். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் வீட்டுக்காரர், பையனை ஒரு வருடம் சும்மா உட்கார வைக்காதே என்கிறார். எதைக் கேட்பது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் (தரவரிசை மதிப்பெண்) 200க்கு. அதில் கணக்கின் 100 அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி ஐம்பது ஐம்பதாகச் சேரும். உங்கள் மகனுக்கு அந்த இரண்டிலும் சேர்த்து 31 + 33 = 64 இருக்கிறது. கணக்கில் 35 எடுத்தால் கட்-ஆஃப் 99. அறுபது எடுத்தால் 124. இயற்பியலில் இரண்டு மார்க் ஏறினால் கிடைப்பது கணக்கில் ஒரே மார்க்கில் கிடைத்துவிடும். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் வந்து நின்றாலும் முதலில் பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான்.

ஆனால் முடிவெடுக்கும் முன் அந்த 28 எப்படி வந்தது என்று பாருங்கள். கணக்கில் எழுத்துத் தேர்வு 90, பள்ளியே போடும் அகமதிப்பீடு 10. அகமதிப்பீட்டில் முழுதாக 10 வந்திருந்தால் எழுத்தில் எடுத்தது 18. பாஸ் ஆக எழுத்தில் குறைந்தது 25, மொத்தத்தில் 35 வேண்டும். அப்படியென்றால் அவனுக்குக் குறைவது ஏழே மார்க். அந்த ஏழும் எங்கே போனது என்பதை மார்க் ஷீட் சொல்லாது, விடைத்தாள்தான் சொல்லும். ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் பாடத்துக்கு 275 ரூபாய் வாங்கினார்கள். மறுமதிப்பீடு வேண்டுமானாலும் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் பையனையும் கணக்கு வாத்தியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் குறி போடுங்கள். கணக்கே தெரியாமல் விட்டதா, தெரிந்தும் நடுவில் தப்பியதா, நேரம் போதாமல் தொடாததா? தெரிந்தும் தப்பியதும் நேரம் போனதும் அதிகம் என்றால் ஒரு வருடம் தேவையே இல்லை, ஒன்றரை மாதம் போதும். பின்னத்தைக் கூட்டவும் காரணிப்படுத்தவும் தடுமாறுகிறான் என்றால் ஓட்டை பத்தாம் வகுப்பில் இருக்கிறது. அதை பிளஸ் டூ டியூஷன் அடைக்காது, ஒரு வருடம் போனாலும் அடைக்காது.

தெரிந்தும் தப்புவது எப்படி என்பதற்கு ஒன்று. அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறு காணும் கணக்கில் முதல் நிரை 2, 1, 3. இரண்டாவது 1, 0, 2. மூன்றாவது 4, 1, 1. முதல் நிரையின் நடு உறுப்புக்குச் சிற்றணிக்கோவை, அதாவது அந்த உறுப்பின் நிரையையும் நிரலையும் நீக்கி மிஞ்சும் நான்கு எண்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தது, 1×1 – 2×4 = –7. அந்த இடத்துக்குக் கழித்தல் குறி உண்டு என்பதால் இணைக்காரணி +7. அவசரத்தில் –7 என்றே எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகள் ஏராளம். அணிக்கோவை மதிப்பு 6 வர வேண்டிய இடத்தில் –8 வரும், அதற்குப் பிறகு எழுதிய ஒரு பக்கமும் வீண். இதைப் பிடிக்க இருபது விநாடி போதும். முதல் நிரையின் இணைக்காரணிகள் –2, 7, 1. இவற்றை மூன்றாவது நிரையின் 4, 1, 1 ஆல் முறையே பெருக்கிக் கூட்டினால் –8 + 7 + 1 = 0. பூஜ்யம் வராவிட்டால் குறி எங்கோ இடறியிருக்கிறது. பையனுக்கு இதைக் காட்டிப் பாருங்கள். பிடித்துக்கொண்டான் என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

துணைத் தேர்வுக்கு 12 அத்தியாயத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். வினாத்தாள் அமைப்பு தெரிந்ததுதான்: ஒரு மார்க் 20, இரண்டு மார்க்கும் மூன்று மார்க்கும் ஏழேழு, ஐந்து மார்க் ஏழு. முதலில் புக் பேக் ஒரு மார்க் கேள்விகளை விடையை மனப்பாடம் செய்யாமல் போட்டுப் பார்த்து முடிக்கட்டும். இருபதில் 14 வர வேண்டும். விடையெழுதும்போது குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். வெறும் 'ஆ' என்று போட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்து அணிகள், தனிநிலைக் கணிதம், கலப்பு எண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள். முதல் இரண்டிலும் வழிமுறை மாறாது, எண்கள்தான் மாறும். காஸ் நீக்கல் முறையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த நிரையை என்ன செய்தோம் என்று எழுதினால், கடைசி விடை தப்பினாலும் அதுவரைக்குமான ஸ்டெப் மார்க் நிற்கும். ஒரு மார்க்கில் 14, ஐந்து மார்க்கில் இரண்டு முழுதாக 10 என்றாலே 24 ஆயிற்று. வெக்டர், தொகை நுண்கணிதம் எல்லாம் அதற்கப்புறம்.

இனி உங்கள் அண்ணனுக்குப் பதில். ஒரு வருடம் நின்று, பிறகு நான்கு வருடம் பி.இ. என்றால் ஐந்து வருடம். துணைத் தேர்வில் 35 எடுத்தே ஜெயித்தாலும் பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, இன்னும் மூன்று வருடம். அதுவும் ஐந்துதான். அந்த நேரடிச் சேர்க்கையில் பார்ப்பது டிப்ளமோ மார்க்கை, பிளஸ் டூ கணக்கை அல்ல. நடுவில் குடும்பத்துக்கு ஏதாவது இடைஞ்சல் வந்தாலும் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலை வாசலில் அதற்கு மதிப்பு உண்டு. ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வழியில் வருகிறவர்கள் பி.இ.யின் முதல் வருடக் கணக்கைப் படிக்காமல் நேராக மூன்றாம் செமஸ்டருக்குள் இறங்குகிறார்கள். அரியர் விழுவது பெரும்பாலும் அங்கேதான். டிப்ளமோ படிக்கும்போதே நுண்கணிதத்தை விட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே துணைத் தேர்வை எழுதட்டும். இலக்கு 35 அல்ல, 55. பள்ளியில் படித்து எழுதியவர் அதே பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவகாசம் சில நாள்தான், விடுமுறை என்று இருந்துவிடாதீர்கள். ஜெயித்தால் பொறியியல் துணைக் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கலாம். தகுதிக்கு மூன்று பாடத்திலும் பாஸும், சராசரியாக இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும் வேண்டும். 35 எடுத்தாலே அவனுக்குச் சராசரி 54 வருகிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. துணைக் கலந்தாய்வில் மிச்சமிருக்கும் கல்லூரிகளில் 99க்கும் சீட் கிடைக்கலாம். கிடைத்ததெல்லாம் சேரத்தக்கதல்ல. கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அந்தப் பட்டியலில் அடியில் கிடக்கும் கல்லூரியைவிட அரசு பாலிடெக்னிக் மேல்.

துணைத் தேர்விலும் தவறினால்தான் அடுத்த மார்ச் என்ற பேச்சு. அப்போதும் வீட்டில் சும்மா வைக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. நம் பக்கத்தில் சும்மா இருக்கிற பையனை டெலிவரி வண்டி, கோடவுன், காசிமேடு மீன் ஏலம் என்று யாராவது அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கையில் காசு வந்த பிறகு புத்தகத்தைத் திறப்பது கஷ்டம். காலையில் இரண்டு மணி நேரம் கணக்கு, அதன் பிறகுதான் மற்ற வேலை என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: நான் சி.பி.எஸ்.இ. மாணவி. கணக்கு 61, இயற்பியல் 78, வேதியியல் 80. ஜூலையில் கணக்கை மட்டும் இம்ப்ரூவ்மென்ட் எழுதலாமா, அல்லது ஒரு வருடம் நின்று ஜே.இ.இ. நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் கட்-ஆஃப் இப்போது 140. கணக்கு 80 ஆனால் 159. சி.பி.எஸ்.இ.யில் பாஸ் ஆனவர்கள் ஜூலை துணைத் தேர்வில் ஒரு பாடத்தை மார்க் உயர்த்துவதற்காக எழுதலாம். சிக்கல் தேதியில் இருக்கிறது. அந்த ரிசல்ட் வருவதற்குள் தமிழ்நாட்டுப் பொறியியல் தரவரிசைப் பட்டியல் வந்துவிடுவதுதான் வழக்கம். இருக்கிற மார்க்கோடு விண்ணப்பித்துவிட்டு, அதன் பக்கத்தில் ஜூலைத் தேர்வையும் எழுதுங்கள். உயரப்போகும் மார்க்கை நம்பி விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள்.

ஒரு வருடம் நிற்பது ஒரு காரணத்துக்குத்தான் பொருந்தும். என்.ஐ.டி. (ஜே.இ.இ. மெயின் வழியாகச் சேரும் மத்திய அரசுப் பொறியியல் கல்லூரி) சேர்க்கைக்குப் பொதுவாக பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) அல்லது உங்கள் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் (நூறு பேரில் முதல் இருபது பேருக்குள்) இடம் வேண்டும். ஜே.இ.இ. மெயினில் நல்ல மதிப்பெண் வந்தும் இந்த 75 மட்டும் இடிக்கிறது என்றால் நில்லுங்கள். மெயினிலேயே தடுமாறினீர்கள் என்றால் பிளஸ் டூ கணக்கில் 20 மார்க் ஏறுவது அங்கே உதவாது. இன்னொன்று, ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எந்த வருடம் வரை எழுதலாம் என்று எண்ணுவது நீங்கள் பிளஸ் டூவை முதன்முதலாக எழுதிய ஆண்டிலிருந்து. இம்ப்ரூவ்மென்ட் எழுதினால் அந்த வருட எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது.

கேள்வி: என் பெண் வணிகவியல் குரூப், வணிகக் கணிதத்தில் 88. கணக்குப் பாடத்தை மட்டும் தனியாகப் படித்து எழுதினால் பி.இ. கம்ப்யூட்டர் சேரலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: முடியாது. பொறியியல் கலந்தாய்வுக்கு இயற்பியலும் வேதியியலும் வேண்டும். கணக்கை மட்டும் சேர்த்தால் கதவு பாதிதான் திறக்கும். கம்ப்யூட்டர்தான் ஆசை என்றால் மூன்று வருடம் பி.சி.ஏ., அதன்மேல் இரண்டு வருடம் எம்.சி.ஏ. ஐந்து வருடத்தில் முதுகலையே முடிந்துவிடும். அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான். பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் கல்லூரி இரண்டும் அதில் வரும். எந்தப் பாடப்பிரிவுக்கு வணிகக் கணிதத்தை ஏற்கிறார்கள் என்பதைத் தகுதிப் பட்டியலில் பார்த்துவிட்டு விருப்ப வரிசையை நிரப்புங்கள்.