மெடிகேர் வெட்டும் 'யு' என்ற எழுத்தும்: கேள்வி-பதில்

கே: ஆஸ்பத்திரியில் வந்த சிக்கலுக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பணம் தராது என்கிறார்கள், 1% வெட்டு என்றும் சொல்கிறார்கள். எது சரி? (கோவை)

ப: இரண்டும் சரி, திட்டம்தான் வேறு. 2008 அக்டோபரில் வந்ததில், உள்ளே வந்த சிக்கலின் கோடு (பில்லில் போடும் நோய்க் குறியீடு) டிஆர்ஜியை, அதாவது தொகையை நிர்ணயிக்கும் நோய்க் குழுவை, உயர்த்தாது. சார்ட்டில் வேறொரு எம்சிசி (தொகையை உயர்த்தும் பெரிய சிக்கல் அல்லது துணைநோய்) இருந்தால் தொகை குறையாது, அதனால் அந்தத் திட்டத்துக்கு வலு குறைவு. 2014 அக்டோபரில் தொடங்கியது, இந்தச் சிக்கல்களுக்கான மதிப்பெண்ணில் மோசமான கால்பங்கு ஆஸ்பத்திரிகளுக்கு அந்த நிதியாண்டின் மெடிகேர் உள்நோயாளித் தொகை முழுவதிலும் 1% பிடிக்கும். பத்துக் கோடி டாலர் வாங்கும் இடத்துக்குப் பத்து லட்சம் போகும்.

கே: போன ஆண்டைவிட முன்னேறியும் வெட்டு ஏன்? (திருச்சி)

ப: மற்றவர்களும் முன்னேறியிருப்பார்கள். கடைசிக் கால்பங்கு என்று எப்போதும் ஒன்று இருக்கும்.

கே: மூன்றாம் நிலை படுக்கைப் புண். டாக்டர் எதுவும் எழுதவில்லை, நர்ஸ் முதல் நாளே எழுதியிருக்கிறார். டார்கெட் நெருக்குகிறது, பிஓஏவில் (நோய் அட்மிஷனின்போதே இருந்ததா என்று கோடோடு போடும் எழுத்து) 'யு' போட்டு அனுப்பலாமா? (பெருங்குடி)

ப: கூடாது. எத்தனை முறை சொன்னாலும் இதே கேள்வி வருகிறது. 'யு' என்றால் ஆவணம் போதவில்லை. மெடிகேர் அதை 'என்' (வரும்போது இல்லை) போலவே எடுத்துக்கொள்ளும். 'டபிள்யூ'வுக்குப் பணம் உண்டு, ஆனால் தீர்மானிக்க முடியவில்லை என்று டாக்டரே எழுதினால்தான்.

சார்ட்டை நிறுத்தி டாக்டருக்கு க்வெரி (எழுத்தில் விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். நிலையை நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கலாம். படுக்கைப் புண் என்ற டயக்னோசிஸை டாக்டர்தான் எழுத வேண்டும். அவருக்குக் காலக்கெடு இல்லை: ஐந்தாம் நாள் எழுதினாலும், வரும்போதே இருந்தது என்றால் 'ஒய்'. க்வெரியில் பதிலை ஊட்டாதீர்கள். நர்ஸ் எழுதிய தேதி, இடம், அளவை வைத்து, இருந்தது, இல்லை, சொல்ல முடியவில்லை என்ற மூன்றையும் கொடுங்கள். இரண்டாம் நிலையில் வந்த புண் இங்கே மூன்றானால் இரண்டு கோடு: இரண்டுக்கு 'ஒய்', மூன்றுக்கு 'என்'.

அவசரத்தில் தட்டும் ஒரு 'யு', அட்மிஷன் அன்றே வால் எலும்பையும் குதிகாலையும் திருப்பிப் பார்த்து எழுதிய நர்ஸின் வேலையை வீணாக்குகிறது. ஆதாரமில்லாத 'ஒய்' அதைவிட மோசம். அது உள்ளே வந்த புண்ணை மறைத்துவிடும்; அந்த வார்டில் நோயாளியை நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைக்கவில்லை என்பது யார் கண்ணுக்கும் படாது.

கே: கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) தொற்று எப்போது ஆஸ்பத்திரி கணக்கில் சேரும்? (ஓஎம்ஆர்)

ப: கத்தீட்டர் போட்ட தேதி இல்லாமல் உங்கள் கேஸுக்குப் பதில் சொல்ல முடியாது. பொது விதி: வார்டில் கத்தீட்டர் இருந்த முதல் நாள் 1. மூன்றாம் நாளிலிருந்து வரும் தொற்றுதான் கணக்கு. எடுத்த நாளும் மறுநாளும் சேரும். இந்த நாள் கணக்கு தொற்றுக் கண்காணிப்புக்கு. கோடரின் பிஓஏ வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: மேரிலாந்து மாநிலத்துக்கும் இதேதானா? (பால்டிமோர்)

ப: இல்லை. அங்கே 2009 முதல் தனித் திட்டம். எல்லாக் காப்பீட்டாருக்கும் பொருந்தும், வெட்டோடு பரிசும் உண்டு. மெடிகேருடன் போட்ட 2014 ஒப்பந்தம் ஐந்து ஆண்டில் இந்தச் சிக்கல்களில் 30% குறைப்பு கேட்டது. அங்கேயும் எண்ணிக்கை பிஓஏவை வைத்துத்தான். க்வெரி போடாமல் 'யு' போடாதீர்கள்.